ஸ்பேஸ் இன்வேடர்ஸும் ஒரு தீவும்



விடுமுறைக்கு வந்த பேரன் போனில் ஒரு பழைய வீடியோ கேமைக் காட்டி, "தாத்தா, இதுக்கெல்லாமா வரலாறு இருக்கும்?" என்றான். சமூக அறிவியல் நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்!

அதன் பெயர் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் உருவாக்கியது. முதலில் டாங்கி, விமானம் என்று எதிரிகளை அமைத்துப் பார்த்தார். அசைவு சரியாக வரவில்லை. மனித உருவம் நன்றாக அசைந்தது. ஆனால் மனிதரைச் சுடும் விளையாட்டு வேண்டாம் என்று முடிவாயிற்று. எனவே வேற்றுக்கிரகவாசிகள் வந்தார்கள். எச்.ஜி.வெல்ஸின் கதையில் வரும் ஆக்டோபஸ் போன்ற செவ்வாய்வாசிகளை நினைவில் வைத்து அவற்றை வரைந்தார். ஆக்டோபஸோடு நண்டும் கணவாயும் சேர்ந்துகொண்டன. வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தற்செயல். அன்றைய கணினிச் சில்லு மெதுவானது. ஒரு நேரத்தில் ஓர் உருவத்தைத்தான் நகர்த்தும். 55 பேரையும் நகர்த்தி முடிக்க நேரம் பிடிக்கும். சுடச் சுட எண்ணிக்கை குறையும், சுற்று சீக்கிரம் முடியும், மிஞ்சியவர்கள் ஓட்டமெடுப்பார்கள். யாரும் திட்டமிடாத அந்த வேகத்தை நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். ஆட்டத்தின் பரபரப்பே அதுதான்.

சரி, வெல்ஸுக்குச் செவ்வாய்வாசிகள் எங்கிருந்து வந்தார்கள்? 1898இல் நூலாக வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலை அவர் அண்ணன் ஃபிராங்குக்குக் காணிக்கையாக்கினார். யோசனை அண்ணனுடையது. டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளுக்கு ஆங்கிலேயர் செய்ததை, வானிலிருந்து யாராவது இறங்கி ஆங்கிலேயருக்கே செய்தால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விதான் விதை. 1803இல் அங்கே ஆங்கிலேயர் குடியேறினார்கள். முப்பதே ஆண்டுகளில் அந்த மக்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். அடியோடு அழிந்தார்கள் என்று பழைய நூல்கள் எழுதின. அது தவறு, வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். நாவலின் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் டாஸ்மேனியாவைப் பெயர் சொல்லி நினைவூட்டுகிறார். பேரரசு உச்சத்தில் இருந்தபோது, லண்டனில் உட்கார்ந்து படிப்பவர்களிடம் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கேமுக்குள் வந்தபோது அந்தக் கேள்வி உதிர்ந்துபோய், சுடுவது மட்டும் மிஞ்சியது. நிஷிகாடோவைக் குறை சொல்ல மாட்டேன், மனிதரைச் சுடாத விளையாட்டைக் கொடுத்தாரே! ஆனால் விளையாடும் பிள்ளைக்கு டாஸ்மேனியா தெரிந்திருக்கலாம்.

இன்னொரு வேறுபாடு. நாவலில் செவ்வாய்வாசிகளைக் கடைசியில் வீழ்த்துவது பீரங்கி அல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமி. கேமில் அந்த உதவி கிடையாது. 55ஐயும் வீழ்த்தினால், இன்னும் கொஞ்சம் கீழிருந்து அடுத்த 55 புறப்படும்.

உங்களில் யாராவது இதைக் காசு போட்டு விளையாடியதுண்டா? எந்த ஊரில் என்று கமென்டில் எழுதுங்கள்.