கெட்டிலின் இரைச்சல்

கெட்டிலின் இரைச்சல் என்பது தண்ணீர் கொதி வருவதற்குச் சற்று முன் எழும் சத்தம். சத்தம் கேட்டதும் தண்ணீர் கொதித்துவிட்டதாக நினைப்பது வழக்கம். ஆனால் இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போது தண்ணீர் கொதித்திருப்பதில்லை. தளதளவென்று கொதித்ததும் அது தணிந்துவிடுகிறது.

கண்ணாடிக் கெட்டிலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் பக்கங்களில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். அவை நீரில் கரைந்திருந்த காற்று. சூடேறிய நீரில் காற்று அதிகம் தங்காது. இவற்றால் பெரிய சத்தமில்லை. அடுத்து, அடித்தட்டை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் மட்டும் 100 பாகை செல்சியஸைத் தாண்டி, தட்டின் நுண்ணிய கீறல்களில் நீராவிக் குமிழிகளை உண்டாக்கும். மேலே உள்ள தண்ணீரோ இன்னும் சூடு போதாமல் இருக்கிறது. குமிழி ஒரு விரற்கடை எழும்புவதற்குள் குளிர்ந்து, உள்ளிருக்கும் ஆவி மீண்டும் நீராகிவிடும். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் பிடிக்கும். அது திரும்ப நீராகும்போது அவ்வளவு இடமும் நொடிப்பொழுதில் காலியாக, சுற்றியுள்ள தண்ணீர் பாய்ந்து மோதுகிறது. எண்ணற்ற குமிழிகள் இப்படி அடுத்தடுத்து நொறுங்குவதும், அந்த அதிர்வில் பாத்திரம் நடுங்குவதுமே நாம் கேட்கும் இரைச்சல். தண்ணீர் முழுவதும் கொதிநிலையை அடைந்தபின் குமிழிகள் நொறுங்காமல் மேலே வந்து உடைகின்றன. சத்தம் மெத்தென்று ஆகிறது.

மின்சாரக் கெட்டில் அதிகம் இரைவதற்குக் காரணம், 1,500 வாட் போன்ற பெரும் வெப்பம் சிறிய அடித்தட்டில் குவிவதுதான். அடி கொதிக்கும்போது மேல்நீர் ஆறியே இருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றி அடியில் வெள்ளைப் படிவு கட்டிய கெட்டில் இன்னும் இரையும்; எலுமிச்சைச் சாறு கலந்த நீரைக் கொதிக்கவைத்துக் கழுவினால் படிவு கரையும்.

விசில் கெட்டிலின் கூவல் வேறு வகை. அது மூக்கில் பாயும் ஆவியால் எழுகிறது. அதன் இயக்கத்தை 2013இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஹென்றிவுட், அனுராக் அகர்வால் இருவரும் விளக்கினர்: துவாரமிட்ட இரு தகடுகளைக் கடக்கும் ஆவி சுழல்களாக உடைவதே சத்தத்தைப் பிறப்பிக்கிறது.

மின்சாரக் கெட்டிலில் கடைசியாகக் கேட்கும் 'டக்' தானியங்கி சுவிட்சினுடையது. ஆவி பட்டதும் இரட்டை உலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. மூடியைத் திறந்து வைத்தால் ஆவி அங்கே போகாது, கெட்டில் தானாக அணையாது. மூடியை மூடியே வையுங்கள்.