கரும்பின் பூஞ்சை நோய்களும் வறட்சியும்

வறட்சிக் காலத்தில் கரும்பின் பூஞ்சை நோய்கள் யாவும் ஒரே வகையில் மாறுவதில்லை. கரிப்பூட்டை நோயும் வாடல் நோயும் நீர்ப்பற்றாக்குறையால் கடுமையாகின்றன. செவ்வழுகல் நோயோ நீர் தேங்கும் வயல்களில் விரைந்து பரவுகிறது. வறட்சி பூஞ்சையை உண்டாக்குவதில்லை. கரணையிலோ மண்ணிலோ முன்பே உள்ள பூஞ்சைக்கு இடமளிக்கிறது.

வறட்சியின் விளைவு

தமிழ்நாட்டில் டிசம்பர் முதல் மார்ச் வரை நடப்படும் கரும்பு, தூர் கட்டும் பருவத்தில் கோடையை எதிர்கொள்கிறது. நீர் குறையும்போது இலைத்துளைகள் மூடி, ஒளிச்சேர்க்கை குறைகிறது. இதனால் பயிரின் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. காய்ந்து சிதைந்த வேர்கள் மண்ணில் வாழும் பூஞ்சைகளுக்கு நுழைவழியாகின்றன.

முக்கிய நோய்கள்

கரிப்பூட்டை நோய்: இது ஸ்போரிசோரியம் சைட்டமினியம் என்னும் பூஞ்சையால் உண்டாகிறது. குருத்திலிருந்து சாட்டை போன்ற கரிய உறுப்பு வெளிவரும். இதன் வித்துகள் காற்றில் பரவும். உலர்ந்த மண்ணில் நீண்ட நாள் உயிருடன் இருக்கும். வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில், குறிப்பாக மறுதாம்புப் பயிரில், இந்நோய் மிகுதியாகும்.

வாடல் நோய்: இது பியூசேரியம் சக்காரி என்னும் பூஞ்சையால் உண்டாகிறது. இலைகள் மஞ்சளாகிக் காயும். தண்டு எடை குறைந்து உள்ளே குடைவாகும். வறட்சியும், அதனையடுத்து நீர் தேங்குவதும், வேர்ப்புழுத் தாக்குதலும் இதனைத் தூண்டும்.

செவ்வழுகல் நோய்: கொல்லெட்டோட்ரைக்கம் ஃபல்கேட்டம் என்னும் இதன் பூஞ்சையை 1893 இல் சாவகத்தில் வென்ட் விவரித்தார். பிளந்த தண்டில் சிவந்த திசுவின் குறுக்கே வெண்திட்டுகள் காணப்படும். புளித்த வாடை வீசும். பாசன நீரும் மழை நீரும் இதனைப் பரப்புகின்றன.

இனங்களும் தடுப்பும்

கோயம்புத்தூரில் 1912 இல் நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையம், பயிர்க்கரும்பைக் காட்டுக்கரும்புடன் கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் இனம் 1918 இல் வெளியானது. வறட்சியைத் தாங்கும் தன்மையும் நோயெதிர்ப்பும் காட்டுக்கரும்பின் வழியாகப் பயிர் இனங்களுக்குள் வந்தன.

வாடிய பயிர் நீர் பாய்ச்சிய பின்னும் தெளியாவிடில், தண்டை நெடுக்காகப் பிளந்து பார்ப்பதே நோயை அறியும் எளிய வழியாகும். வறட்சி ஆண்டுகளில் விதைக்கரும்பு அரிதாவதால், பாதிக்கப்பட்ட வயலிலிருந்தே கரணை எடுக்க நேரிடுவது உண்டு. அக்கரணையுடன் பூஞ்சையும் அடுத்த வயலுக்குச் செல்கிறது. மழை நன்கு பெய்த ஆண்டிலும் நோய் தொடர்கிறது. எனவே நோயற்ற வயலின் கரணை, வெந்நீர் அல்லது பூஞ்சைக்கொல்லி நேர்த்தி, நோயுற்ற தூர்களை வேருடன் அகற்றி அழித்தல், சோகை மூடாக்கு ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. கரிப்பூட்டைச் சாட்டையை, வித்துகள் சிதறாதவாறு சாக்குப்பையால் மூடி வெட்டுதல் வேண்டும்.