இனக்குழு அடையாளமும் தேச ஒருமைப்பாடும்: தான்சானியாவின் பட்டறிவு (1951–1985)

ஆய்வுச் சுருக்கம்

120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் தான்சானியா, இனக்குழு மோதலைத் தவிர்த்துத் தேச உணர்வை வளர்த்த ஆப்பிரிக்க நாடாக எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்வொருமைப்பாடு அறிவுரையைக் காட்டிலும், இனக்குழு அடையாளத்தால் எவரும் ஆதாயம் பெற இயலாதவாறு அமைந்த ஆட்சி ஏற்பாடுகளாலேயே உருவானது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. அதே ஏற்பாடுகள், குழுவாகவே பாதிக்கப்பட்ட மக்கள் தம் குறையை முறையிடும் வழியையும் சுருக்கின என்பதை மேரு, பராபைக் மக்களின் நில வெளியேற்றங்களைக் கொண்டு விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: தான்சானியா, நைரேரே, இனக்குழு, சுவாஹிலி, தேச ஒருமைப்பாடு, நில உரிமை.

முன்னுரை

பல இனக்குழுக்கள் வாழும் நாடு ஒன்றுபட்டு நிற்க இயலுமா என்னும் வினாவிற்குக் கிழக்கு ஆப்பிரிக்கா அருகருகே இரு விடைகளைத் தந்துள்ளது. கென்யாவையும் தான்சானியாவையும் பிரிக்கும் எல்லை ஐரோப்பியர் வரைபடத்தில் இட்ட கோடு. மாசாய், லுவோ, குரியா மக்கள் அக்கோட்டின் இருபுறமும் வாழ்கின்றனர். இருப்பினும், கென்யாவில் 2007 டிசம்பர்த் தேர்தலை அடுத்து மூண்ட வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தான்சானியப் பெருநிலப்பகுதியில் விடுதலைக்குப் பின் அத்தகைய பரவலான இனக்குழு மோதல் நிகழவில்லை. கென்யாவின் புசியா மாவட்டத்தையும் தான்சானியாவின் மெயாட்டு மாவட்டத்தையும் ஒப்பிட்டு எட்வர்டு மிகுவேல் 2004இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டை ஊர் அளவில் காட்டியது. புசியாவில் இனக்குழுக்கள் கலந்து வாழும் பகுதிகளில் பள்ளிகளுக்கு மக்கள் தரும் நிதி குறைந்திருந்தது. மெயாட்டுவில் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

இதற்கு ஜூலியஸ் நைரேரேயின் (1922–1999) ஆளுமையைக் காரணமாகக் கூறுவது வழக்கம். ஆளுமை மட்டும் இதனை விளக்கிவிடாது. எந்தக் குழுவும் பெரும்பான்மையாக இல்லாமை அவருக்கு வாய்த்த முதல் நற்பேறு. மிகப் பெரிய குழுவான சுகுமா மக்கள்கூட மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினை எட்டுவதில்லை. இரண்டாவது நற்பேறு சுவாஹிலி மொழி.

காலனி ஆட்சியும் இனக்குழு வரையறையும்

ஜெர்மானியர் தம் கீழ்நிலை நிருவாகத்தைச் சுவாஹிலி அறிந்த கடற்கரைப் பகுதி அலுவலர்களைக் கொண்டு நடத்தினர். எந்த இனக்குழுவின் சொத்தாகவும் கருதப்படாத ஒரு பொதுமொழி இதனால் உள்நாடுவரை பரவியது. 1905 முதல் 1907 வரை நடந்த மாஜி மாஜி எழுச்சியில், கட்டாயப் பருத்திப் பயிரிடலுக்கும் வரிக்கும் எதிராகப் பல இனக்குழுவினர் இணைந்து போரிட்டனர். துப்பாக்கிக் குண்டை நீராக்கிவிடும் என நம்பப்பட்ட மருந்து நீர் அவர்களைப் பிணைத்தது. எழுச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த பஞ்சம் போரினும் மிகுதியான உயிர்களைப் பறித்தது.

பிரித்தானியர் வேறு வழியில் சென்றனர். 1925இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற டொனால்டு கேமரன் மறைமுக ஆட்சி முறையைப் புகுத்தினார். மக்கள் அனைவரும் ஏதேனும் ஓர் இனக்குழுவைச் சேர்ந்தோர், ஒவ்வோர் இனக்குழுவிற்கும் ஒரு தலைவர் உண்டு என்பது அம்முறையின் அடிப்படை. தலைவர் இல்லாத இடங்களில் தேடிக் கண்டனர். காண இயலாத இடங்களில் உருவாக்கினர். இனக்குழு என்பது தொன்மையின் எச்சம் என்ற கருத்தை மறுத்த வரலாற்றறிஞர் ஜான் இலிஃப், தங்கனீக்காவின் இனக்குழுக்கள் பெரிதும் இக்காலத்தில் உருப்பெற்றவை என்றும், அவ்வாக்கத்தில் ஆட்சியாளருடன் ஆப்பிரிக்கரும் பங்கேற்றனர் என்றும் 1979இல் எழுதினார். பதவி, நிலம், வழக்குமன்றம் யாவும் இனக்குழுவின் வழியே கிடைக்குமாயின், இனக்குழுவினராக இருப்பதே அறிவுடைமை. பின்னாளில் நைரேரே அரசு மேற்கொண்ட நடவடிக்கைகளை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

மறைமுக ஆட்சியினுள்ளேயே அதன் எதிர்வினையும் தோன்றியது. 1951இல் மேரு மலையடிவாரத்தின் எங்காரே நன்யுகியிலிருந்து ஏறத்தாழ 3,000 மேரு மக்கள், ஐரோப்பியர் பண்ணைகளுக்காக வெளியேற்றப்பட்டனர். தங்கனீக்கா அப்போது ஐ.நா. பொறுப்பாட்சிப் பகுதி. அந்நிலையைப் பயன்படுத்தி, மேரு மக்களின் சார்பில் கிரிலோ ஜாஃபெட் 1952இல் நியூயார்க்கு சென்று முறையிட்டார். நிலம் உடனே மீளவில்லை. ஆனால் ஒரு மலையடிவாரத்தின் குறை நாடு முழுவதன் குறையாயிற்று. 1954 ஜூலை 7இல் தங்கனீக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம் (டானு) தோன்றியபோது இந்நினைவு பசுமையாகவே இருந்தது.

ஆதாயத்தை நீக்குதல்

விடுதலைக்கு முன்னரே டானு எதிர்கொண்ட சோதனை நிற வேற்றுமை பற்றியது. 1958–59 தேர்தலில் ஒவ்வொரு வாக்காளரும் ஓர் ஆப்பிரிக்கர், ஓர் ஆசியர், ஓர் ஐரோப்பியர் என மூவருக்கு வாக்களிக்க வேண்டுமென அரசு விதித்தது. 1958 சனவரியில் தபோரா மாநாட்டில் நைரேரே இவ்விதியை ஏற்றுப் போட்டியிடச் செய்தார். இதனை ஏற்காத சுபேரி ம்டெம்வு பிரிந்து சென்று, ஆப்பிரிக்கருக்கே முதன்மை கோரும் கட்சியைத் தொடங்கினார். டானு ஆதரித்த ஆசிய, ஐரோப்பிய வேட்பாளர்கள் ஆப்பிரிக்க வாக்குகளால் வென்றதால், பிரித்தாள வகுத்த விதி எதிர்விளைவைத் தந்தது. 1961 அக்டோபரில் குடியுரிமையை நிறத்துடன் இணைக்க வேண்டுமென நாடாளுமன்றத்தில் எழுந்த கோரிக்கையையும் நைரேரே கடுமையாக எதிர்த்து முறியடித்தார்.

இனக்குழுத் தலைமையைப் பொறுத்தமட்டில் நடவடிக்கை நேரடியாக இருந்தது. 1963இல் தலைவர் பதவிகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. நைரேரேயே ஸனாகி என்னும் சிறு குழுவின் தலைவரான புரிட்டோவின் மகன் என்பது இங்கு எண்ணத்தக்கது. மக்களாட்சியில் சேர விரும்பிய தலைவர்களுக்கு வாயில் அடைக்கப்படவில்லை. ஜெர்மானியரை எதிர்த்து நின்ற ம்குவாவாவின் பெயரனான ஹேஹே தலைவர் ஆதம் சாபி ம்குவாவா நாடாளுமன்ற அவைத்தலைவராக நெடுங்காலம் பணியாற்றினார். பதவி இருந்தது, அது இனக்குழுவின் வழி வருவதாக இல்லை.

1965 தேர்தல் இவ்வணுகுமுறையின் செறிந்த வடிவம் எனலாம். ஒற்றைக் கட்சியின் இரு வேட்பாளர்கள் ஒரே தொகுதியில் மோதினர். பரப்புரை சுவாஹிலியில் மட்டுமே நிகழ வேண்டும். இனக்குழு, நிறம், சமயம் ஆகியவற்றைச் சுட்டி வாக்குக் கேட்டல் கூடாது. சின்னங்கள் மண்வெட்டி, வீடு என இரண்டே. ஒரு வேட்பாளர் தம் தாய்மொழியில் தம்மவரிடம் தனித்துப் பேச இயலாத நிலையில், இனக்குழு வாக்கு வங்கி உருவாவது அரிது. நிதியமைச்சர் பால் பொமானி இத்தேர்தலில் தோற்றார். ஐரோப்பியரான டெரிக் பிரைசன் தலைநகரின் ஒரு தொகுதியில் வென்றார்.

1967 முதல் தொடக்கக் கல்வி முழுவதும் சுவாஹிலியில் அமைந்தது. அவ்வாண்டே தேசியச் சுவாஹிலி மன்றம் நிறுவப்பட்டது. ஷேக்ஸ்பியரின் இரு நாடகங்களை நைரேரே தாமே சுவாஹிலியில் பெயர்த்தார். உயர்பொருளைத் தாங்க வல்லது இம்மொழி என்பதற்கு அவர் காட்டிய சான்று அது. மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் பிற வட்டாரங்களின் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். காப்பிப் பயிரும் மிஷன் பள்ளிகளும் முன்னரே வாய்த்திருந்த கிளிமஞ்சாரோவின் சாகா மக்களும் புகோபாவின் ஹாயா மக்களும் கல்வியில் மிக முந்தியிருந்தனர். 1970களில் அரசு மேல்நிலைப் பள்ளி இடங்கள் வட்டார ஒதுக்கீட்டின்படி பகிரப்பட்டன. ஒதுக்கீடு இனக்குழுவிற்கு வழங்கப்படாமல் நிலப்பகுதிக்கு வழங்கப்பட்டதே இதன் நுட்பம். கிளிமஞ்சாரோ மக்கள் தனியார் பள்ளிகளைப் பெருமளவில் தொடங்கி இதற்கு விடையிறுத்தனர் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனக்குழு பற்றிய வினா 1967உடன் நின்றது. அடையாளம் இதனால் அழிந்துவிடவில்லை. குறிப்பிட்ட குழுக்களிடையே ஒருவரையொருவர் எள்ளி நகையாட உரிமை தரும் 'உத்தானி' என்னும் பழைய உறவுமுறை இன்றும் திருமண வீட்டிலும் இழவு வீட்டிலும் வழங்குகிறது. எண்ணிக்கையாக மாறாத அடையாளம் நகைச்சுவையாக நிலைத்தது.

விலை

இவையாவும் வற்புறுத்தலின்றி நிகழவில்லை. எதிர்க்கட்சிகள் சட்டத்தால் விலக்கப்பட்டன. கட்டாயத் தேசப்பணியை எதிர்த்து 1966இல் ஊர்வலம் சென்ற ஏறத்தாழ 400 மாணவர்கள் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1971இல் ஒரு லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள வாடகைக் கட்டடங்களை அரசு கையகப்படுத்தியது. சட்டத்தில் நிறம் குறிக்கப்படவில்லை. இழந்தோரில் பெரும்பாலோர் ஆசியர். 1973–76 கிராமக் குடியேற்றத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்க்கப்பட்டனர். தாய்மொழிகள் பள்ளியிலும் வானொலியிலும் செய்தித்தாளிலும் இடமிழந்தன. 1964இல் இணைந்த சான்சிபாரின் வரலாறு தனி ஆய்விற்குரியது.

மேய்ச்சல் மக்கள்

இம்முறையின் மிக ஆழமான முரண் மேய்ச்சல் மக்களிடத்தே வெளிப்பட்டது. 1960களின் இறுதியில் மாசாய் மக்களின் மரபாடை நாட்டின் பின்தங்கிய நிலைக்கு அடையாளமெனக் கருதப்பட்டது. அவ்வாடையுடன் பேருந்துகளிலும் பொது இடங்களிலும் நுழைவதைத் தடுக்கும் இயக்கம் அருஷா வட்டாரத்தில் நடத்தப்பட்டது. ஒரு குழுவை மட்டும் குறிவைத்த இந்நடவடிக்கை தேச முன்னேற்றத்தின் பெயராலேயே நிகழ்ந்தது.

ஹனாங் சமவெளியின் பராபைக் மக்கள் தடோகா இனத்தின் ஒரு பிரிவினர், மாடு மேய்ப்போர். அண்டையோர் அவர்களை 'மங்காத்தி' என அழைப்பதுண்டு. பகைவர் என்னும் பொருளுடைய மாசாய்ச் சொல் அது. சுவாஹிலி பொதுமொழியான பின்னும் இவ்வசைப் பெயர் அதனுள் வழங்கி வந்தது. கனடாவின் உதவியுடன் அரசு வேளாண்மை நிறுவனம் அச்சமவெளியில் கோதுமைப் பண்ணைகளை அமைத்து ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் நிலத்தை வளைத்தது. பருவத்திற்கேற்பப் பல நிலங்களில் மாறி மாறி மேய்ப்போருக்கு மிகச் செழித்த நிலம் போனால் எஞ்சிய நிலங்களும் பயன் குன்றும். முன்னோரின் கல்லறை மேடுகளும் உழப்பட்டன. ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் மந்தை நிற்கும் நிலம் அலுவலர் கண்களுக்கு வெற்று நிலமாகவே தெரிந்தது.

முல்பதாவ் கிராமத்தினர் வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் வென்றனர். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்காற்று நில உரிமை கோருவோர் 1923ஆம் ஆண்டின் காலனிய நிலச் சட்டம் வரையறுத்த 'பூர்விகக் குடி' எனத் தம்மை மெய்ப்பித்திருக்க வேண்டும், அவர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பது நீதிமன்றம் கூறிய காரணங்களுள் ஒன்று. தன் குடிகளிடம் நீ யார் என வினவுவதை 1967உடன் நிறுத்திக்கொண்ட அரசின் நீதிமன்றம், நிலத்தை இழந்தோரிடம் அதே வினாவைத் தொடுத்தது. நைரேரே ஆட்சிப்பொறுப்பிலிருந்து விலகியதும் அவ்வாண்டே.

மேரு மக்கள் 1952இல் தம்மை மேரு மக்கள் என்றே அறிவித்து உலக அரங்கிற்குச் செல்ல முடிந்தது. நாடு அவர்களுடன் நின்றது. பராபைக் மக்கள் அவ்வாறு அறிவித்தால் அது 'உகாபிலா', அதாவது இனக்குழுவாதம் எனத் தள்ளப்படும் இடர் இருந்தது. 2007இல் பூர்விகக் குடிகளின் உரிமை பற்றிய ஐ.நா. அறிக்கைக்குத் தான்சானியா ஆதரவாக வாக்களித்தது. ஆப்பிரிக்கர் அனைவரும் பூர்விகக் குடிகளே என்பதே அதன் நிலைப்பாடு. 2022 ஜூனில் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வனவிலங்குப் பாதுகாப்பிற்கென எல்லைக்கல் நட்டு ஒதுக்கியபோது, காவல்துறையை எதிர்த்து நின்ற மாசாய் மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்வது என்பதும் அவ்வழக்கின் ஒரு பகுதியாகவே இருந்தது.