மூளைக்கும் ஒரு மாற்றுப் பாதை

"சேர், நெஞ்சுக்குச் செய்ற பைபாஸ் மூளைக்கும் செய்ய ஏலுமா?"

உம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த பிள்ளை ஒருத்தி போன கிழமை வகுப்பில் கேட்டாள். ஏலும். ஆனால் அந்தக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும்.

காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், துடிப்புத் தெரியும். தலைத்தோலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அது. மண்டையோட்டைத் திறந்து, அந்த நாடியை மூளையின் மேலுள்ள நாடியோடு தைத்துவிட்டால், அடைப்பைச் சுற்றிக்கொண்டு இரத்தம் போகும். பாலம் வருமுன், பாதை ஓடாத நாளில் நாம் கந்தளாயால் சுற்றிப் போனோமே, அதே மாதிரி.

சொல்ல இலகு. அந்த நாடியின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். தைக்கும் நூல் தலைமுடியை விட மெல்லியது. துருக்கியின் லிஜேயில் 1925 இல் பிறந்த காஸி யாசர்கில், இதைப் பழக அமெரிக்காவின் பேர்லிங்டனில் டொனகியின் ஆய்வுகூடத்துக்குப் போனார். நுணுக்குக்காட்டியின் கீழ் நாய்களின் நாடிகளைத் தைத்துப் பழகினார். 1967 ஒக்டோபர் 30 அன்று சூரிச்சில் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். மறுநாளே டொனகியும் பேர்லிங்டனில் செய்தார்.

உலகமே வியந்தது. பல நாடுகளில் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் உண்மையில் பலன் இருக்கிறதா? கனடாவின் ஹென்றி பார்னெட் தலைமையில் 1377 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்து மட்டும், மற்றவர்களுக்கு மருந்தோடு சத்திரசிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1985 இல் முடிவு வந்தது. தைத்த நாடிகளில் நூற்றுக்கு 96 திறந்தே இருந்தன. ஆனாலும் பாரிசவாதம் குறையவில்லை.

கை வெற்றி, நோயாளிக்குப் பலனில்லை. அதை ஒளிக்காமல் வெளியிட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிய விசயம். இன்று மொயாமொயா என்ற அரிய நோய், சில பெரிய நாடி வீக்கங்கள் போன்றவற்றுக்கே இந்தச் சத்திரசிகிச்சை பெரிதும் உதவுகிறது.

ஆகவே, "பைபாஸ் செய்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னதும் காணியை விற்க ஓடாதீர்கள். முதலில் நரம்பியல் வைத்தியரிடம் கேளுங்கள்.

வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தடவிக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே 1990 க்கு அழையுங்கள். அடைப்பால் வந்ததா, இரத்தக் கசிவா என்று ஸ்கேனில் பார்த்து, பொருத்தமானவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். அதற்கு இருப்பது முதல் நாலரை மணித்தியாலம்தான்.

2009 இலிருந்து நமக்குப் பாலம் இருக்கிறது. பாதைக்குக் காத்து நின்ற பழக்கத்தை நோயிலும் வைத்திருக்க வேண்டாம்.