சுத்தியும் சோதனையும்: சென்னையில் நாட்டு மருந்து வழக்கு

மருத்துவர் சீட்டெழுதித் தரும் மேலைமருந்துக்கும் மூலிகையாலான நாட்டு மருந்துக்கும் இடையே எது தீங்கு குறைந்தது என்னும் கேள்வி பழையது; நாட்டு மருந்தின் தகுதியைச் சென்னை மாகாண அரசு நூறாண்டுகளுக்கு முன்பே முறைப்படி விசாரித்தது. சென்னையின் மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர்ப் பகுதிகளில் அவ்விசாரணையோடு தொடர்புடைய நிறுவனங்களின் தடங்கள் இன்றும் உள்ளன. மயிலாப்பூரில் 1905இல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் நிறுவிய வெங்கடரமணா ஆயுர்வேத மருந்தகம் அவற்றுள் முந்தியது.

நாட்டு மருந்துகளை ஆராய அரசால் அமர்த்தப்பட்ட டாக்டர் எம்.சி. கோமன், அவற்றை மேலை மருத்துவ முறைப்படி நோயாளிகளிடம் சோதித்து, அம்மருத்துவம் அறிவியல் நிலையை எட்டவில்லை என அறிக்கை அளித்தார். திராவிட வைத்திய மண்டலும் சென்னை ஆயுர்வேத சபையும் 1921இல் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. அதே ஆண்டில் முகமது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு, நாட்டு மருத்துவர்களிடம் சாட்சியம் பெற்று 1923இல் அறிக்கை தந்தது. அதன் செயலர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி மேலை மருத்துவமும் பயின்றவர். 1925இல் திறக்கப்பட்ட அரசு இந்திய மருத்துவப் பள்ளிக்கு முதல்வரான அவர், பின்னர் அடையாறு நூலகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

இவ்விவாதத்தில் எளிதில் மறக்கப்படும் செய்தி, இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது எனச் சித்த மருத்துவம் கருதவில்லை என்பதாகும். தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் சேராங்கொட்டை, கடும் பேதியை உண்டாக்கும் நேர்வாளம், பாஷாணங்கள் எனப்படும் நச்சுக் கனிமங்கள் ஆகியவை 'சுத்தி' என்னும் நச்சு நீக்கும் முறைக்கு உட்பட்ட பிறகே மருந்தாகும். அதன்பின்னும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைப்பொருளான அனுபானமும், உணவுக் கட்டுப்பாடான பத்தியமும் விதிக்கப்படுகின்றன.

மேலைமருந்து இக்கட்டுப்பாட்டை வேறு வழியில் அடைந்தது. 1937இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பானில் தயாரித்த சல்ஃபா மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதையடுத்து, விற்பனைக்கு முன் பாதுகாப்பைச் சோதிக்கும் கடமை அங்கு 1938இல் சட்டமாயிற்று. இந்தியாவில் மருந்துச் சட்டம் 1940இல் வந்தபோதும், சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் தயாரிப்பு 1964ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகே அதன் வரம்புக்குள் வந்தது. இடைப்பட்ட காலத்தில், தரமான மருந்து தேவை என்பதை உணர்ந்த நாட்டு மருத்துவர்களே 1944இல் ஒரு கூட்டுறவு மருந்தகத்தை அமைத்தனர். திருவான்மியூரில் இயங்கும் 'இம்ப்காப்ஸ்' அதுவே.

இரு மருந்துகளுக்கும் உரிய சான்று இன்றும் ஒன்றன்று. புதிய மேலைமருந்து மனிதரிடம் நடத்தும் சோதனையைக் கடக்க வேண்டும். சட்டம் ஏற்ற பழைய நூலின் செய்முறைப்படி செய்த மருந்துக்கோ பெரும்பாலும் அந்நூலே சான்றாகிறது. சுத்தி முறைப்படி நிகழ்ந்ததா என்பதை நூல் காட்டாது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டிய பின்னரே, ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளில் கன உலோகச் சோதனையை இந்திய அரசு கட்டாயமாக்கியது.

இரண்டையும் ஒருங்கே உண்பவருக்கு ஆபத்து வேறு வகையிலும் நேரும்: இருமலுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அதிமதுரம், அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தத்தை உயர்த்தி, அதைக் குறைக்க உண்ணும் மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். சீட்டின்றி விற்கலாகாது என்னும் எச்சரிக்கை மேலைமருந்தின் உறைமீது உள்ளதைப் போலவே, நச்சுப்பொருள் சேர்ந்த சித்த மருந்தின் உறைமீதும் மருத்துவர் மேற்பார்வையில் உண்க என்னும் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்பது விதி. கோமனும் அவரை மறுத்த வைத்தியர்களும் உடன்பட்டிருக்கக்கூடிய இடம் அந்த ஒரு வரிதான்.