இன்னும் 5 வாய்ப்பு: டிவிடி உலகத்தைக் கூறு போட்ட கதை

இந்த எபிசோட் ஒரு எரர் மெசேஜ்ல ஆரம்பிக்குது.

அப்பா 2003-ல ஒரு வருஷம் நியூ ஜெர்சியில வேலை பார்த்தார். திரும்பி வரும்போது பெட்டியில சாக்லேட்டோட 11 டிவிடியும் வந்துச்சு. எல்லாம் கடையில காசு குடுத்து வாங்கினது. அப்போ வீட்ல இருந்த பிளேயர்ல நல்லாவே ஓடுச்சு. எப்படி ஓடுச்சுங்கறதே தனிக் கதை, பின்னாடி சொல்றேன். அந்த பிளேயர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. போன மாசம் அப்பா, "டேய், அந்த டிஸ்க்கெல்லாம் உன் லேப்டாப்ல போட்டுக் காட்டேன்"னார்.

பிரிக்காமலே கிடந்த ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவை எடுத்து, லினக்ஸ் லேப்டாப்ல சொருகினேன். டிஸ்க் சுத்துது. மெனு வரல. லாக்ல பார்த்தா, பூட்டுப் போட்ட செக்டரை அனுமதி இல்லாம படிக்கப் பார்க்கறேன்னு டிரைவ் என்னையே திட்டுது. டிரைவ் அவுட்டுன்னுதான் முதல்ல நினைச்சேன். அக்கா கல்யாண டிவிடியைப் போட்டேன், சும்மா ஜம்முன்னு ஓடுது. அப்போ ஹார்ட்வேர்ல பிரச்சனை இல்ல. ரீஜன்செட்னு ஒரு குட்டி புரோகிராம் இருக்கு, அதை ஓட்டினேன். டிரைவ் சொன்ன பதில் இதுதான்: ரீஜன் எதுவும் செட் பண்ணல. நீங்க மாத்த இன்னும் 5 வாய்ப்பு இருக்கு. கம்பெனி ரீசெட் பண்ண 4 வாய்ப்பு.

தன்னோட நாடு எதுன்னு தெரியாம ஒரு டிரைவ் என் மேசையில உக்காந்திருந்துச்சு.

டிவிடி முதன்முதலில் கடைக்கு வந்தது ஜப்பானில், 1996 நவம்பரில். அமெரிக்காவுக்கு 1997-ல் வந்தது. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் இதில் படம் போடச் சம்மதிக்க இரண்டு நிபந்தனைகள் வைத்தன. ஒன்று, காப்பி அடிக்க முடியாத பூட்டு. இன்னொன்று, ரீஜன் கோடு. அன்றைக்கு ஒரு ஹாலிவுட் படம் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வராது. அமெரிக்காவில் ஓடி முடிந்து, மற்ற நாடுகளுக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். இங்கே தியேட்டருக்கு வருவதற்குள் அங்கே டிவிடி விற்பனைக்கு வந்துவிட்டால், அந்த டிஸ்க் விமானம் ஏறி வந்துவிடும் என்ற பயம். நாட்டுக்கு நாடு வேறு வேறு விலை வைக்கவும் இந்தப் பிரிவினை வசதியாக இருந்தது.

அதனால உலகத்தைக் கூறு போட்டாங்க. அமெரிக்கா, கனடா 1. மேற்கு ஐரோப்பா, ஜப்பான் 2. கொரியா, ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியா, லத்தீன் அமெரிக்கா 4. சீனா 6. ஏழு சும்மா ஒதுக்கி வெச்சது. எட்டு விமானத்துக்கும் கப்பலுக்கும். நாம 5. ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, மங்கோலியா, வட கொரியா எல்லாரும் நம்ம பெஞ்ச்தான். இலங்கையும் இங்கதான். ஆக, யாழ்ப்பாணமும் சென்னையும் ஒரே ரீஜன், சிங்கப்பூர்ல இருக்கற சொந்தக்காரர் வேற ரீஜன். தமிழ்ப் பட டிவிடி அட்டைகள்ல 'ஆல் ரீஜன்'னு போட்டிருந்தது ஏன்னு இப்போ புரியுதா? பல நாட்டுல சிதறிக் கிடக்கற ஆடியன்ஸுக்கு விக்கறவனுக்கு இந்த மேப் உதவாது.

இதோட டெக்னிக்கல் பக்கம் ரொம்ப சின்னது. எட்டே எட்டு பிட். 0-ன்னா அந்த ரீஜன்ல அனுமதி, 1-ன்னா இல்ல. வலது பக்கத்துல இருந்து எண்ணணும். அப்பாவோட டிஸ்க் 11111110. இந்தியாவுல வித்த டிஸ்க் 11101111. அஞ்சாவது இடத்துல இருக்கற அந்த ஒரு சைபர்தான் நம்ம விசா.

ஆரம்ப கால கம்ப்யூட்டர் டிரைவ்கள் இந்த எட்டு பிட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. அவற்றுக்கு ஆர்பிசி-1 என்று பெயர். சோதிக்கும் வேலை மென்பொருளுடையது, மென்பொருளை ஏமாற்றுவது எளிது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து தயாராகும் டிரைவ்கள் ஆர்பிசி-2 ஆக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதிலிருந்து காவலாளி டிரைவின் ஃபர்ம்வேருக்குள்ளேயே குடியேறினார். படத்தைத் திறக்கும் சாவியை டிரைவ்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், ரீஜன் பொருந்தாவிட்டால் கொடுக்காது. ஐந்து முறை மாற்றலாம். கடைசி வாய்ப்பு மிச்சமிருக்கும்போது அதன் நிலையே 'லாஸ்ட் சான்ஸ்' என்று காட்டும். அதற்குப் பிறகு நிரந்தரம். ஃபார்மேட் செய்தாலும், வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் கணக்கு மாறாது. அது டிரைவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கின ஆளுக்கே அது எண்ணிக்கை வெச்சு நடக்குது பாருங்க, எனக்குக் கடுப்பு அங்கதான்.

இதே கடுப்பு நார்வேயில ஒரு பையனுக்கும் வந்துச்சு. யோன் லெக் யோஹான்சன், அப்போ வயசு 15. லினக்ஸில் டிவிடி பார்க்க உரிமம் பெற்ற பிளேயர் அப்போது இல்லை. சிஎஸ்எஸ் என்கிற அந்தப் பூட்டுக்கு 40 பிட் சாவிதான். ஒரு விண்டோஸ் பிளேயர் தன் சாவியைச் சரியாக மறைக்காமல் விட்டிருந்தது. 1999 அக்டோபரில் யோஹான்சனும் பெயர் வெளியிடாத இன்னும் இருவரும் சேர்ந்து, பூட்டைத் திறக்கும் டீசிஎஸ்எஸ் என்ற புரோகிராமை வெளியிட்டார்கள். 2000 ஜனவரியில் போலீஸ் அவர் வீட்டுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவில் 2600 என்ற ஹேக்கர் பத்திரிகை அந்த கோடை வெளியிடக் கூடாது, அதற்கு லிங்க்கூடக் கொடுக்கக் கூடாது என்று நீதிபதி லூயிஸ் கேப்லான் தீர்ப்பு எழுதினார். கடுப்பானவர்கள் கோடை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

நார்வே வழக்கு இழுத்துச்சு. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் யோஹான்சனை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு போனது. டிசம்பரில் மறுபடியும் விடுதலை. தான் முறையாக வாங்கிய டிஸ்க்கைப் பார்க்க ஒருவர் பூட்டைத் திறப்பது குற்றமாகாது என்பதுதான் சாரம். அப்பா நியூ ஜெர்சி கடையில டிவிடி பொறுக்கிட்டு இருந்த அதே வருஷம்.

சரி, நம்ம வீட்டு பிளேயர் எப்படி ஓடுச்சு? டிவியில மாட்டற பிளேயர்களுக்கு அஞ்சு தடவைக் கணக்கெல்லாம் இல்ல. பல மாடல்கள்ல ரிமோட்ல ஏதோ நாலு நம்பர் அமுக்கினா மறைஞ்சிருக்கற மெனு திறக்கும், ரீஜனை சைபராக்கிடலாம். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரே வாங்கும்போது அதைப் பண்ணிக் குடுத்தாராம். தெரியாம மாட்டினவங்களும் உண்டு. 2009-ல் ஒபாமா, பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டிவிடிகளைப் பரிசளித்தார். அவை ரீஜன் 1, பிரிட்டனில் ஓடாது என்று அங்குள்ள பத்திரிகைகள் எழுதிச் சிரித்தன.

இப்ப என் மேசைக்கு வருவோம். டிரைவை என்ன நாடா ஆக்கறது? அப்பாகிட்ட அந்த 11 இல்லாம, சென்னையில வாங்கின ரீஜன் 5 டிஸ்க் ஒரு 30 இருக்கு. லினக்ஸ்ல பூட்டை உடைச்சுப் படிக்கற லைப்ரரி இருக்குதான், ஆனா என்னோடது மாதிரி சில டிரைவ், ரீஜன் பொருந்தலைன்னா பூட்டின செக்டரைத் தொடவே விடாது. 1-ன்னு வெச்சா முப்பது போச்சு. 5-ன்னு வெச்சா பதினொண்ணு போச்சு. அப்பாகிட்டயே கேட்டேன்.

"அஞ்சு தடவை மாத்தலாம்னியே?"

"மாத்தலாம்ப்பா. அப்புறம் நீங்க நினைச்சாலும் மாறாது."

கொஞ்ச நேரம் அட்டைகளைப் புரட்டினார். "இங்க வாங்கினதெல்லாம் ஏதாவது ஓடிடியில கிடைச்சுடும்டா. இதுல ரெண்டு மூணு எங்கயும் இல்ல, தேடிப் பார்த்துட்டேன். ஒண்ணுன்னே போடு."

1 அடிச்சு என்டர் தட்டினேன். டிரைவ் ஒரு தடவை சுத்தி நின்னுச்சு. ரீஜன் 1, மிச்சம் 4 வாய்ப்பு. டிஸ்க்கை எடுத்துத் திரும்பப் போட்டேன். முதல்ல வந்தது காப்பி பண்ணாதீங்கங்கற எச்சரிக்கை. அதை ஸ்கிப் பண்ணவும் விடல. அப்பா சேரை இழுத்துப் போட்டு உக்காந்து, அதையும் முழுசாப் படிச்சார்.