‘இது உண்மையா?’ என்று குழந்தைகள் கேட்கப் பழக்குவது எப்படி?
2017-ல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி பற்றி வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியதால், கேரளாவின் கண்ணூரில் பல பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினார்கள். இதையடுத்து 2018-ல் மாவட்ட நிர்வாகம் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜெயதே’ என்ற பெயரில் பொய்ச்செய்தியைக் கண்டறியும் வகுப்புகளைத் தொடங்கியது. 2024-ல் கேரளாவின் 5, 7-ஆம் வகுப்பு ஐசிடி பாடநூல்களிலும் இந்தப் பாடம் இடம்பிடித்தது.

உங்க வீட்டிலும் தொடங்கலாம். ஒரு ஃபார்வர்டு வந்தால் மூன்று கேள்விகள்: முதலில் சொன்னது யார்? எப்போது? வேறு எந்தச் செய்தித் தளத்தில் வந்திருக்கு? படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்க. பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். உறுதியாகத் தெரியலையா? யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

நீங்க அனுப்பியதையே பிள்ளை சந்தேகப்பட்டால் கோபப்படாதீங்க. பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்!